வடக்கே என்று சொல்லித் தெற்கே போனவளுக்கு

மகள்,

நீ இப்போது இருப்பதாகச் சொல்லும் இடத்துக்கு இந்தக் கடிதம் ஒழுங்காக வந்து சேருமா என்பதே எனக்குச் சந்தேகம். நான் கையால் எழுத, உன் தங்கச்சி ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். எல்லாப் பக்கத்தையும் அனுப்புவாளா, தனக்குப் பிடிக்காத பக்கத்தை மறைத்துவிடுவாளா என்பது இரண்டாவது சந்தேகம். அதனால் பக்கங்களுக்கு இலக்கம் போட்டிருக்கிறேன். நடுவில் ஒன்று குறைந்தால் என்னிடம் நேரே கேள், அவளிடம் கேட்காதே. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி. உன் தகப்பன் சந்தேகப்படாத நாளில்தான் நீ பயப்பட வேண்டும்.

விசயம் இதுதான். இந்த மாசி முடிவதற்குள் உங்கள் இடத்திலிருந்து கடைசி விமானம் புறப்பட்டுவிடும் என்றாய். அதன் பிறகு அங்கே குளிர்காலம், பல மாதங்களுக்கு ஒருவரும் வர முடியாது, ஒருவரும் போக முடியாது. அதற்குள் ஒரு பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். வீட்டை உன் தங்கச்சியின் பெயருக்கு எழுதுவதா இல்லையா என்ற பதில். வரும் ஆவணியில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல ஆட்கள், வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து ஏறுவான், தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இது உனக்குத் தெரியாததல்ல. நோர்வேயில் இத்தனை காலம் இருந்து மறந்திருப்பாயோ என்று எழுதுகிறேன். இந்த வீடு மூத்தவளான உனக்கென்று கட்டியது. நிலை வைத்த அன்று நீ சின்னச் சட்டையோடு வாசற்படிக்குப் போட்ட ஈரச் சீமெந்தில் காலை வைத்து உன் அம்மாவிடம் அடி வாங்கினாய். அந்தக் கால் அடையாளம் இன்னும் இருக்கிறது.

அந்த வீட்டைத்தான் வேண்டாம் என்கிறாய். தங்கச்சிக்காக விட்டுக்கொடுப்பதாக நீ சொல்கிறாய். நான் அப்படி எடுக்கவில்லை. திரும்பி வருகிற எண்ணம் உள்ளவள் தன் வீட்டைக் கொடுப்பாளா? இதுதான் என் நெஞ்சில் கிடக்கும் முள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

என் தொழில் என்னை இப்படி ஆக்கிவிட்டது என்று உன் அம்மா சொல்வாள். எழுவான்கரை ஐஸ் பக்டரியில் வேலை முடிந்து, கட்டிகளை உமிக்குள் புதைத்து, குருமண்வெளித் துறையில் மிதவைப் படகான பாதையில் ஏற்றி, வாவி கடந்து மண்டூர்க் கரையில் மீன்காரருக்குக் கொடுத்தவன் நான். பாதை மிதந்து இந்தக் கரைக்கு வருவதற்குள் கட்டி கொஞ்சம் இளைத்திருக்கும். ஒவ்வொரு மீன்காரனும் என்னைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பான், நான்தான் வழியில் கொத்தி எடுத்துவிட்டேன் என்று. அவன் சொல்வதும் பொய் என்று நிரூபிக்க முடியாது, நான் சொல்வதும் மெய் என்று நிரூபிக்க முடியாது. உருகியதைக் கொண்டுவந்து காட்ட முடியுமா? அப்படிப் பல வருடம் மற்றவர்களின் சந்தேகத்துக்குள் நின்றவன் கடைசியில் தானும் எல்லாரையும் சந்தேகப்படத் தொடங்குவான். ஐஸ் வியாபாரத்தில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

நீ கேப்டவுனிலிருந்து போன் எடுத்த நாளை நினைத்துப் பார். கட்டுநாயக்காவில் எங்களைக் கட்டிப்பிடித்து, இன்னும் ஒரு வருடப் படிப்பு, நோர்வேக்குத்தான் என்று சொல்லிப் போனவள். சில மாதம் கழித்து ஒரு காலையில் போன். "அப்பா, நான் இப்ப நோர்வேயில இல்ல. தெற்கால, தென்துருவப் பனிக்குப் போறன். பனிக்காலம் முழுக்க அங்க நிண்டுதான் வருவன்." நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாய். "ஊட்டத் தங்கச்சிக்கு எழுதிக் குடுங்க. எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்காதிங்க." விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். வடக்கே என்று போன பிள்ளை தெற்கே போகிறது, அதுவும் பாதி வழியில் நின்று சொல்கிறது, வீட்டையும் கொடுத்துவிடு என்கிறது. நான் என்ன நினைக்க வேண்டும்? எங்கள் ஊர்ப் பொடியன்கள் ஒரு நாட்டுக்கென்று போய் இன்னொரு நாட்டில் இறக்கப்பட்ட கதைகள் உனக்குத் தெரியாதா? சமாதானம் பேச வந்துபோன நோர்வேக்காரர் என்றாலே எங்கள் வயதுக்காரருக்கு ஒரு பெருமூச்சு வரும். அந்தக் கதையை விடுகிறேன்.

அன்றைக்கே பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். புடைவைக்கடை நானாவை உனக்குத் தெரியும், பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவில். ஏஜென்சிக்காரரின் சூதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவன் முதலில் கையை நீட்டுவான், இங்கே ஒருவனும் உன்னிடம் கையை நீட்டவில்லையே என்றார். பிளேன்ரீ வாங்கித் தந்து அனுப்பினார். நியாயம்தான். ஆனால் நியாயமான பேச்சு எனக்கு நித்திரை தருவதில்லை. விடியக்காலையில் உனக்கு வீடியோ எடுத்தேன், உன் முதுகுக்குப் பின்னால் வெயில். இரவுச் சோறு தின்றுவிட்டு எடுத்தேன், அப்போதும் வெயில். எந்த நேரம் எடுத்தாலும் அதே வெயில். இது எப்போதோ எடுத்து வைத்த படம், பின்னால் போட்டுக் காட்டுகிறாய் என்று நான் சொன்னதும் நீ தொப்பியைக் கழற்றி, வெளியே வந்து, ஒரு பிடி பனியை அள்ளிப் போனுக்கு நேரே உதறினாய். மறுகாலும் நான் நம்பாமல் நிற்க, "அப்பா, முதல்ல இந்த இடத்தப் பத்தி வாசிங்க, மறுகா என்னோட சண்டை பிடிங்க" என்றாய். வாசித்தேன். மட்டக்களப்பு நூலகத்தில் தமிழில் இருந்ததையும், போனில் இங்கிலீசில் இருந்ததை உன் தங்கச்சி வாயால் கேட்டும். நீ வாசிக்கச் சொன்னது என் சந்தேகத்தைத் தீர்க்க. நான் வாசித்தது அதற்குச் சாட்சி தேட.

துருவங்களுக்குப் போன அந்த மனிதர்களின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. ஒன்றும் என் வாயில் நுழையவில்லை, உனக்கு எல்லாம் மனப்பாடம். முதலில் வடதுருவத்தைப் பிடித்தோம் என்று வந்த அந்த இரண்டு அமெரிக்கர்களை எடு. ஒரே காலத்தில் இரண்டு பேரும் வந்து, நான்தான் முதல், நான்தான் முதல் என்றார்கள். ஒருவர் அதற்கு முன்னமே ஒரு பெரிய மலையில் ஏறியதாகச் சொல்லி ஏதோ ஒரு குட்டி மொட்டைக் குன்றில் நின்று படம் காட்டியவர் என்று பிறகு பிடிபட்டது. மற்றவர் இன்னும் கெட்டிக்காரர். சூரியனைப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடத் தெரிந்த இன்னொரு ஆள் கூடவே வந்தார். கடைசிக் கட்டத்துக்கு முன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களோடு மட்டும் முன்னால் போனார். அதன் பிறகு எல்லா நாளும் அதிசய வேகம். தராசு பார்க்கத் தெரிந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிறுப்பவனை நான் எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுவிடுவேன், மகள். அங்கே தரையும் இல்லையாம், மிதக்கும் பனிதானாம். நட்ட கொடி அடுத்த வாரம் எங்கே போகிறதோ. எனக்கு அது மிகவும் பழக்கமான வியாபாரமாகத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்திலேயே நடந்த கறுப்பினத் தோழரையும், வழி காட்டி வண்டி ஓட்டிய அந்தப் பனிநாட்டு ஆட்களையும் உலகம் எத்தனை காலம் கவனிக்காமலே இருந்தது என்பதையும் வாசித்தேன். முதல் கால் யாருடையது என்று அவர்களைக் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு பதில் வந்திருக்கும்.

பிறகு உன் ஆள். உனக்குச் சம்பளம் தருகிற நாட்டின் பெரிய வீரர். அவரைப் பற்றி வாசித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து இருந்தேன். வடதுருவத்துக்குப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, கப்பல் எடுத்து, கப்பலில் இருந்தவர்களில் ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்கும் அதையே சொல்லி, வழியில் ஒரு தீவுத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டதும் எல்லாரையும் மேல்தட்டில் கூட்டி, நாங்கள் தெற்கே போகிறோம் என்றாராம். வடக்கை அந்த இரண்டு அமெரிக்கர்கள் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு மனதுக்குள்ளேயே மாற்றிக்கொண்டாராம். தெற்கே போய்க்கொண்டிருந்த ஆங்கிலேயக் கப்டனுக்கு ஒரு தந்தி. அவ்வளவுதான். உன் தங்கச்சி இதை வாசித்துக் காட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. தீவுத் துறைமுகத்துக்குப் பதில் கேப்டவுன், தந்திக்குப் பதில் போன். நீ அந்தப் பள்ளிக்கூடத்தில் நன்றாகத்தான் படித்திருக்கிறாய். அவர் தன்னோடு கொண்டுபோன நாய்களில் எத்தனையோ வழியில் சுட்டு மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் தீனியாக்கினார், அதையும் புறப்படும் முன்பே திட்டம் போட்டிருந்தார் என்று வாசித்து எனக்கு அன்று மீன் கறி இறங்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆள் போனவர்களை முழுதாகக் கொண்டுவந்து சேர்த்தார். பொய் சொல்லிப் போனவர் சுகமாக வந்தார், நேராகச் சொல்லிப் போனவர் வரவில்லை. இதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஆங்கிலேயக் கப்டன் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நோர்வேக்காரரின் கூடாரம் அங்கே நின்றது. திரும்பும் வழியில் ஐந்து பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதில் ஒரு படைவீரர், கால் பழுதாகி, தன்னால் மற்றவர்களும் சாகப்போகிறார்கள் என்று கண்டு, கொஞ்சம் வெளியே போய் வருகிறேன், நேரமாகலாம் என்ற மாதிரிச் சொல்லிவிட்டுப் புயலுக்குள் நடந்தார். அவ்வளவுதான், வரவில்லை. உலகமெல்லாம் அதை வீரம் என்கிறது. எனக்கு வேறு நினைவு வந்தது. கட்டுநாயக்காவில் நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்போது திரும்பி, "போயிட்டு வாறன்" என்றாய். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், சந்தைக்குப் போனாலும். போறன் என்று மட்டும் சொன்னால் உன் அம்மா வாயில் அடிப்பாள். ஆனால் அந்த வீரரின் கதையை வாசித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டான் சொன்னாலும் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

உன் அம்மா இந்த வாசிப்புக்குள் வரமாட்டாள். அரிசி புடைத்துக்கொண்டே காது கொடுப்பாள். ஒரு நாள் கேட்டாள், "இவனுகள் எல்லாருக்கும் ஊட்டுல ஆக்கள் இருந்திருப்பாங்களே, அவங்களப் பத்தி ஒண்டும் போடல்லையா?" தேடிப் பார்த்தோம். அந்தக் கப்டனின் மனைவி, கணவன் துருவத்திலிருந்து வருகிறான் என்று அவனை எதிர்கொள்ளக் கப்பல் ஏறிப் போயிருக்கிறாள். அவன் பனிக்குள் செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது, அது அவளுக்குத் தெரியாது. நடுக்கடலில்தான் செய்தி வந்தது. உன் தங்கச்சி வாசித்து முடித்ததும் உன் அம்மா சுளகை வைத்துவிட்டு எழுந்து போனாள்.  வைகாசியில் கண்ணகை அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்குக்கு உன் பெயரில் நேர்த்தி வைத்திருக்கிறாள். "வருசா வருசம் குளிரப்பண்ணு தாயே எண்டு கேட்டம், அம்மாள் அளவு தெரியாமக் குடுத்திட்டா" என்று தானே சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்துக்கொண்டது அவர்கள் வழியில் வைத்துவிட்டுப் போன சாமான்கள். உனக்கு இது பழைய பாடம். போகும்போதே உணவையும் எண்ணெயையும் வழியில் இடையிடையே பனிக்குள் புதைத்து, மேலே அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது அதைத் தோண்டித் தின்றுதான் உயிர் பிழைப்பது. அந்த நோர்வேக்காரர் ஒவ்வொரு இடத்திலும் குவியலுக்கு மேல் ஒரு கொடியோடு விடவில்லை. வழிக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் தூரத்துக்குத் தூரம் கொடி நட்டார். மூடுபனியில் வழி தப்பினாலும், இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும், ஏதோ ஒரு கொடியில் முட்டுவான். தன்னையே சந்தேகப்பட்ட மனிதன் அப்படித்தான் செய்வான், அதில் அவரை நான் மெச்சுகிறேன். ஆங்கிலேயரோ பெரிய குவியலை நினைத்த இடத்துக்கு முன்னமே, மட்டக்குதிரைகள் களைத்துவிட்டன என்று, இரக்கப்பட்டு வைத்துவிட்டார். இன்னும் தள்ளி வைப்போம் என்று சொன்னவர் பிறகு புயலுக்குள் நடந்துபோன அதே படைவீரர். கடைசியில் மிஞ்சிய மூன்று பேரும் அந்தக் குவியலுக்கு ஒரு நாள் நடைக்குச் சற்றுக் கூடிய தூரத்தில், கூடாரத்துக்குள் கிடந்தார்கள். நினைத்த இடத்தில் வைத்திருந்தால் அதைத் தாண்டியே வந்திருப்பார்கள்.

இதை வாசித்த கையோடு நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒருவன் திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறானா என்று அறிய அவன் வாயைப் பார்க்காதே, பின்னால் என்ன வைத்துவிட்டுப் போகிறான் என்று பார். நீ பின்னால் வைத்திருந்தது ஒரு வீடு. அதையும் கொடுத்துவிடு என்கிறாய். ஆகவே நீ வரப்போவதில்லை. வெளியூரார் எங்களைப் பற்றிச் சொல்வார்கள், மட்டக்களப்பார் வந்தவனைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று. யார் யாரையோ ஒட்டவைத்த ஊரில் பிறந்து, பெற்ற பிள்ளையை ஒட்டவைக்க ஒரு பாய் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டை எழுத மாட்டேன் என்று அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு ஆத்திரம், மகள். அதை விடப் பயம். இந்த இருட்டு மாதங்களுக்குள் எனக்கு ஏதும் ஆனால் நீ வர ஏலாது.

உன் தங்கச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவள் இந்தப் பக்கத்தைத்தான் மறைப்பாள். வீட்டை எழுதினாலும் வாங்க மாட்டாளாம். "அக்காட ஊட்டுக்குள்ள நான் சட்டி வச்சா, அக்கா வரக்குள்ள ஆரு ஊட்டுக்கு வாறது?" என்று கேட்டு அழுதாள். நான் தர மறுக்கிறேன், அவள் வாங்க மறுக்கிறாள், நீ வேண்டாம் என்கிறாய். மாப்பிள்ளை வீட்டார் இதைக் கேள்விப்பட்டால் எங்கள் குடும்பத்துக்கே பேய் பிடித்திருக்கிறது என்பார்கள்.

நீ மட்டக்களப்பில் படித்த காலத்தில் ரியூசன் என்று சொல்லிவிட்டு முகத்துவாரத்துப் பக்கம் போகிறாய் என்று ஒரு மீன்காரன் என் காதில் போட்டான். நான் சைக்கிளில் பின்னால் வந்தேன். ஒரு பொடியனைக் காண்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தால், நீ தனியாக முழங்கால் தண்ணீரில் நின்று, கடலும் வாவியும் கலக்கும் இடத்தில் கையால் அள்ளி அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். எந்த இடத்தில் உப்புக் கூடுகிறது என்று பார்த்தாயாம். சின்னவளாக இருக்கும்போது பக்டரித் தொட்டியைக் காட்டி, தகரத்துக்குள் இருக்கும் தண்ணீர் உறைகிறது, சுற்றி நிற்கும் உப்புத்தண்ணீர் ஏன் உறையவில்லை என்று கேட்டாயே. அது உப்புத்தண்ணீர், அதனால்தான் என்று சொல்லி விட்டேன். அது ஒரு பதிலே இல்லை என்று நீ அன்றே முகத்தில் காட்டினாய். இப்போது கடல் உறையும்போது உப்பு எங்கே போகிறது என்று பார்ப்பதற்குத்தான் அங்கே நிற்கிறாய் என்கிறாய். இதை மட்டும் நான் நம்புகிறேன். நீ பொய் சொல்லிப் போன இடத்திலெல்லாம் தண்ணீர்தான் இருந்திருக்கிறது. ஆனால் இனிப் போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போ. மறிப்பேன் என்று பயந்து மறைத்தாய். மறித்திருப்பேன்தான். அதற்காக மறைக்கலாமா?

உனக்கு ஒரு புத்தி சொல்வதென்றால், துருவத்துக்குக் கிட்டப் போய்விட்டு, இன்னும் போனால் சாப்பாடு போதாது என்று கண்டு கிறுகித் திரும்பி வந்த அந்த அயர்லாந்துக்காரரைப் பின்பற்று என்பேன். செத்த சிங்கத்தை விட உயிரோடுள்ள கழுதை உனக்கு நல்லதல்லவா என்று மனைவியிடம் சொன்னவராம். அவரைத்தான் எனக்குப் பிடித்தது. நீயும் ஒரு நாள் கருவி எடுக்க வெளியே போகும்போது காற்று கூடினால் பாதியில் கிறுகு. ஒருவனும் உன்னைப் பரிகசிக்க மாட்டான். பரிகசித்தால் என் பெயரைச் சொல்லு. ஆனால் அவரையும் விட்டு வைக்க என் மனம் கேட்கவில்லை, தோண்டினேன். பிறகு ஒரு முறை கண்டத்தையே குறுக்காகக் கடக்கப் போய், கப்பலைப் பனி நெரித்து, தன்னோடு இருந்த எல்லாரையும் காப்பாற்றினார் என்று எங்கும் எழுதியிருக்கிறது. ஒருவரையும் சாகவிடாத தலைவர் என்று. உன் தங்கச்சி கீழே தள்ளிக்கொண்டே போனாள். மறுகரையில் வேறு ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. இவர் கடந்து வரும்போது தின்பதற்கென்று பாதி வழி வரைக்கும் சாமான் கொண்டுபோய் வைப்பது அவர்களின் வேலை. பல் கொட்டி, கால் வீங்கி, இழுத்துக்கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று பேர் செத்தார்கள். இவர் அந்த வழியால் கடந்து வரவேயில்லை. வைத்த சாமான் வைத்த இடத்திலேயே பனிக்குள் போனது.

அதை வாசித்த பிறகு பல நாள் என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அந்த மனிதர்கள் மடையர்களா? வருவானா என்று ஒரு நாளும் சந்தேகப்படவில்லையா? பட்டிருப்பார்கள். பட்டுக்கொண்டே இழுத்திருப்பார்கள், வந்துவிட்டால் என்ன செய்வான் என்று. நானும் அந்தக் கரை ஆள்தான். அப்போதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. அந்த ஆங்கிலேயரின் குவியலில் சாமான் குறைவில்லை. இடம்தான் பிழை. வருகிறவன் நடக்கும் வழியில் வைக்காமல், வைப்பவனுக்குத் தோதான இடத்தில் வைத்தால் அது எவ்வளவு நிறைந்திருந்தும் என்ன? முன்வீட்டை உனக்கென்று பூட்டி வைப்பது எனக்குத் தோது. நீ வந்தால் சட்டி பானையோடு குடும்பம் நடத்தவா வருவாய்? ஒரு மாதம் வந்து, கால் நீட்டிப் படுத்து, அம்மாவின் சோற்றைத் தின்று, வாவிக்குள் இறங்கி நாக்கில் உப்புப் பார்க்கத்தான் வருவாய். அதற்கு வீடு வேண்டாம், ஒரு அறை போதும்.

அதனால் பின்வளவில் இருந்த பழைய ஐஸ் கொட்டிலைத் துப்புரவாக்கத் தொடங்கினேன், நாங்கள் ஒதுங்குவதற்கு. வயல் வட்டையில் அறுவடை மெசின் நிற்கும் நேரம், கூலிக்கு ஆள் இல்லை, நானே உமியை அள்ளினேன். அள்ளி முடித்து அண்ணாந்தால் கூரை வளையில் உன் சைக்கிள் தொங்குகிறது. பொலித்தீனால் சுற்றி, டயர் நிலத்தில் படாமல், சங்கிலிக்குக் கிறீஸ் பூசி. போன சித்திரைக்கு நீ வந்துபோன பிறகு அந்தக் கொட்டிலுக்குள் ஒருவரும் போகவில்லை. உன் அம்மாவை விசாரித்தேன், தங்கச்சியை விசாரித்தேன். இரண்டு பேரும் தாங்கள் இல்லை என்றார்கள், முகத்தில் களவு இல்லை. வராதவள் சங்கிலிக்குக் கிறீஸ் பூசுவாளா? அங்கேயே உமிக்குள் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விடுவதற்குள் அடுத்த எண்ணம் வந்தது. நாங்கள் ஒதுங்கும்போது இந்தக் கொட்டிலைத்தான் துப்புரவாக்குவோம் என்று உனக்குத் தெரியும். அப்பன் கண்டு நம்பட்டும் என்றே கட்டிவிட்டுப் போயிருப்பாய். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். "நீங்க காணக் கட்டினாளோ, தான் ஓடக் கட்டினாளோ, கட்டினது அவள்தானே. அவுக்காம உடுங்க" என்றாள்.

அவிழ்க்கவில்லை. சில நாளைக்கு ஒரு முறை ஏணி வைத்து ஏறிச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆகவே என் பதில் இது. வீட்டைத் தங்கச்சிக்கு எழுதுகிறேன். அவளைச் சம்மதிக்க வைப்பது உன் பாடு, கடைசி விமானத்துக்கு முன்னமே அவளோடு கதை. வாசற்படியை மட்டும் உடைக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பின்வளவில் எங்களுக்கு இரண்டு அறை எழும்புகிறது. இரண்டாவது எதற்கு என்று மேசன் கேட்டான், தேங்காய் போட என்றேன். தேங்காய் போடும் அறைக்கு எதற்கு வாவிப் பக்கம் ஜன்னல் என்று அவன் இன்னும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான். குருமண்வெளித் துறையில் பாதைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ வெல்லாவெளிப் பக்கத்தால் வந்தாலும் என்று சந்திக் கடைக்காரரிடமும், ஓட்டோ நிற்கும் இடத்திலும். மகள் வருவாள், முன்வாசலால் விடாதீங்க, பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு வாங்க என்று. எப்ப வாறா என்று அவர்கள் கேட்கிறார்கள். சொன்னதை மறக்காதீங்க என்கிறேன். ஒவ்வொரு வாரமும் போய் மறந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

கட்டுநாயக்காவில் நீ போயிட்டு வாறன் என்று சொன்னாய். போனது மெய்தான், அதை நம்பிவிட்டேன். மற்றப் பாதியை நான் இன்னும் நம்பவில்லை. வந்து காட்டு.

உன் அப்பா